தூங்கிய முள்

ஆறாயிரம் லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு போன லாரி தாகத்தில் நின்றுபோனது என்று சொல்லிச் சொல்லிப் பணிமனையே சிரித்தது. மேட்டுக் குடியிருப்புக்கு ஏறும் சாலையின் மூன்றாவது வளைவில், உச்சி வெயிலில், டேங்கர் லாரியின் எஞ்சின் மூடிக்குள்ளிருந்து ஆவி பீறிட்டு எழுந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினாள். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். மேலே குடங்களோடு காத்திருந்தவர்கள் இறங்கி வந்து தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சினுக்கும் ஒரு குடம் ஊற்றுவோமே என்று இரக்கப்பட்டவரைக் கையைப் பிடித்துத் தடுத்து, "இப்ப ஊத்தினா ஹெட்டு ரெண்டா பிளந்துடும், ஆறட்டும்" என்று அவள் சொன்னாளாம். ஆனாலும் எஞ்சினின் தலைப்பகுதியான அந்த ஹெட் பிழைக்கவில்லை. வெப்பத்தில் ஏற்கெனவே அது வளைந்துவிட்டிருந்தது.

சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்க முடியாத ஒருவர் அங்கே இருந்தார். பணிமனையின் மேஸ்திரி. லாரியை ஓட்டியவள் அவருடைய உடன்பிறந்த தங்கை.

மேஸ்திரிக்குப் பணிமனையில் 'வறட்சி' என்று பட்டப்பெயர். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் அலுவலகத்தில் அப்படியொரு பெயரைப் பெருமையாகச் சுமந்த ஒரே மனிதர் அவர்தான். அவர் கைபட்ட வண்டியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெயோ தண்ணீரோ விழாது. வேலை முடிந்ததும் எஞ்சினுக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைப்பார்; அரை நாள் கழித்து அதை உருவி எடுத்து ஓட்டுநரின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவார். "இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம், கறை கிடையாது" என்பார். அந்த ஒரு நொடிக்காகவே அவர் வேலை செய்கிறாரோ என்று தோன்றும்.

மறுநாள் காலை மேலாளரின் அறையில் விசாரணை நடந்தது. விசாரணை என்ற சொல் அந்த அறைக்குச் சற்றுப் பெரியது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய தொலைபேசி எண்கள் மங்கிக் கிடந்தன, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த நாற்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார், தங்கை நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"வண்டியில டெம்பரேச்சர் மீட்டர்னு ஒண்ணு இருக்கும்மா. பாத்திருக்கியா?" என்றார் மேலாளர்.

"பாத்துக்கிட்டேதான் சார் ஓட்டினேன். முள்ளு கால்வாசியைத் தாண்டவே இல்ல. ஆவி வந்த பிறகும் அங்கேயேதான் நின்னுச்சு."

"எஞ்சின் கொதிக்குது, முள்ளு மட்டும் குளுகுளுன்னு உக்காந்திருந்துச்சா?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே முள்ளு சரியில்லன்னு சொன்னேன் சார்."

"யார்கிட்ட சொன்ன?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். மேலாளரும் பார்த்தார்.

"புகார்ச் சீட்டு எழுதிக் கொடுத்தியா?"

கொடுக்கவில்லை. வண்டியில் எந்தக் குறை இருந்தாலும் ஓட்டுநர் மஞ்சள் சீட்டில் எழுதி, தேதியிட்டு, பணிமனைப் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. மற்ற ஓட்டுநர்கள் எழுதினார்கள். அவள் எழுதியதே இல்லை. முதல்முறை சீட்டை நீட்டியபோது மேஸ்திரியே அதை வாங்கிக் கசக்கி, "அண்ணன்கிட்ட மனு கொடுக்கிறாளாம் மனு, வாயால சொல்லு தாயே" என்று சிரித்திருந்தார். அதிலிருந்து அவள் வாயால்தான் சொன்னாள். பணிமனை வாசலைக் கடக்கும்போது இரண்டு குட்டி ஹாரன் அடிப்பாள். அவர் தலையை வெளியே நீட்டுவார். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே குறையைக் கத்திவிட்டுப் போய்விடுவாள்.

"என்ன மேஸ்திரி, சொன்னாளா?"

விடிந்ததிலிருந்து அவர் அந்த எஞ்சினைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். கீழ்க் குழாய் வெடித்துத் தண்ணீர் போயிருந்தது, ஹெட்டுக்கு அடியிலிருந்த கேஸ்கெட் கருகியிருந்தது, சென்ற ஆண்டு தன் கையாலேயே பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஹெட், நேர்கோலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது. அந்த வெளிச்சம் இன்னும் அவர் கண்ணுக்குள் இருந்தது. குழாய் வெடிப்பது யார் வண்டியிலும் நடக்கும். ஆனால் முள் சிவப்பைத் தொட்ட கணத்தில் நிறுத்தியிருந்தால் ஹெட் தப்பியிருக்கும். அவர் தேடிப் பார்த்தார். தங்கை முள்ளைப் பற்றிப் புகார் சொன்னதாக எதுவும் நினைவில் அகப்படவில்லை.

"அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல சார்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "மீட்டர் மேல ஒரு கண்ணு இருக்கணும்னு நானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டிருக்கேன். ஓட்டுற அவசரத்துல பாக்கிறதில்ல."

தங்கை சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேசைக் கண்ணாடியின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியேறினாள். மேலாளர் எழுதிக்கொண்டார்: கவனக்குறைவு, அதை மறைக்கச் சொந்த அண்ணன் மேலேயே பழி போட முயற்சி. பணிமனையின் இறுதி அறிக்கை வரும்வரை அவள் குடிநீர்க் குழாய்களைத் திறந்து மூடும் வால்வு அறையில் பதிவேடு எழுத வேண்டும். அறிக்கை அவளுக்கு எதிராக வந்தால் ஓட்டுநர் இருக்கை இனிமேல் அவளுக்குக் கிடையாது. வால்வு அறை அவளுக்குப் புதிதன்று. ஈரச் சுவரும் ஒற்றை விளக்குமாக இருந்த அந்த அறையில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து, கனரக உரிமம் வாங்கி, இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்து, மூன்றாம் முறைதான் டேங்கரின் சாவி அவள் கைக்கு வந்திருந்தது. அந்த அறிக்கையை எழுத வேண்டியவர் மேஸ்திரி.

ஹெட் பட்டறைக்குப் போய்ச் சமன்செய்யப்பட்டுத் திரும்பப் பதினாறு நாளாயிற்று. அதைப் பொருத்தி, புதிய கேஸ்கெட் இட்டு, குழாய்களை மாற்றி, ரேடியேட்டரை நிரப்பி, பதினேழாம் நாள் முற்பகலில் மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டார். அடியில் செய்தித்தாளை விரித்தார். பத்து நிமிடம், கால் மணி நேரம். ரேடியேட்டரின் மேல் குழாயில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார், சுட்டது. வெந்நீர் சுற்றத் தொடங்கிவிட்டது. முள் இந்நேரம் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்.

முள் கால்வாசியில் இருந்தது.

இன்னும் பத்து நிமிடம் விட்டார். மேல் குழாயின் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. முள் அசையவில்லை. மேஸ்திரி பணிமனையின் மறுமூலைக்குக் குரல் கொடுத்தார்.

வந்தவர் எலக்ட்ரீஷியன். 'ஷாக்கு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மேஸ்திரியின் வயதுதான், வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. முள்ளைப் பார்த்தார்; மேல் குழாயை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி சொன்னது நிசந்தான் போலிருக்கே" என்றார்.

"பேசாம மீட்டரைப் பாருய்யா."

"மீட்டர், வயர், சென்சார், மூணுல ஒண்ணு. சாவியை ஆன்ல வச்சுட்டு நீ முள்ளைப் பாரு."

எஞ்சின் தலைப்பகுதியின் ஓரத்தில், வெந்நீர் வெளியேறும் தெர்மோஸ்டாட் கூட்டில், கட்டைவிரல் பருமனுக்குச் சூட்டை அளக்கும் ஒரு பித்தளைச் சென்சார் திருகப்பட்டிருந்தது. ஹெட்டைக் கழற்றியபோது அந்தக் கூட்டை அப்படியே முழுதாகக் கழற்றி வைத்து, அப்படியே திரும்பப் பொருத்தியிருந்தார்கள். சென்சாரை யாரும் தொடவில்லை. அதன் உச்சியிலிருந்து ஒற்றை வயர் மீட்டருக்குப் போகிறது. ஷாக்கு அந்த வயரை உருவினார்.

"முள்ளு?"

"கீழ விழுந்துடுச்சு."

வயரின் நுனியை எஞ்சினின் இரும்பில் தொட்டார். "இப்ப?"

முள் துள்ளி எழுந்து சிவப்புக் கோட்டின் கடைசியில் போய் முட்டிக்கொண்டது. "ஏறிடுச்சு" என்றார் மேஸ்திரி.

"அப்ப மீட்டரும் உத்தமம், வயரும் உத்தமம். சென்சார்தான் திருடன்." ஷாக்கு மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் உச்சியிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். "இருநூத்திப் பத்து ஓம். இவ்வளவு சூட்டுல நாப்பதுதான் இருக்கணும். செத்துப்போச்சு, மாத்திடலாம்."

முனையை எடுக்கும்போது அது தவறிப்போய்ச் சென்சாரின் சொந்த உடம்பிலேயே பட்டது. திரையில் எண் மாறியது. ஷாக்கு நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். உச்சிக்கும் சென்சாரின் உடம்புக்கும் நடுவே நாற்பது. உச்சிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருநூற்றுப் பத்து.

"அட! சென்சார் யோக்கியன்யா. அதுக்கும் எஞ்சினுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்ல. இது ஒத்தை வயர் சென்சார். மரை வழியாத்தான் எர்த் கிடைக்கணும். மரையில ஏதோ அடைச்சிருக்கு."

மேஸ்திரிக்கு அது என்னவென்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனாலும் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். தண்ணீரைக் கொஞ்சம் வடித்தார். ஸ்பேனர் போட்டு மெல்லத் திருகிச் சென்சாரைக் கையில் எடுத்தார். மரையைச் சுற்றி வெள்ளை டேப். சூட்டில் பழுப்பேறியிருந்தது. குழாய்க்காரர்கள் ஒழுகாமல் இருக்கச் சுற்றுகிற அதே டேப். எல்லோரும் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். இது ஆறு சுற்று. நுனியை முறுக்கி, நகத்தால் மரைக்குள் அழுத்தி ஒளித்திருந்தது. இந்தப் பணிமனையில் ஆறு சுற்றுச் சுற்றி நுனியை நகத்தால் அழுத்துகிறவர் ஒருவர்தான். கையெழுத்தைப் போல அது அவரைப் பார்த்தது.

லாரி நின்றுபோனதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த மரையில் ஒரு சொட்டு கசிந்தது. ஒரே ஒரு சொட்டு. பித்தளையின் விளிம்பில் வியர்வை போல நின்றது. அதைப் பொறுக்காமல் கழற்றி, டேப் சுற்றி, இறுக்கி, செய்தித்தாளை விரித்து, உலர்ந்த தாளை ஆட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை நாள் எங்கோ ஒளிந்திருந்த மற்றதும் வந்தது. இரண்டு குட்டி ஹாரன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தங்கையின் குரல்: "அண்ணா, முள்ளு முன்ன மாதிரி ஏற மாட்டேங்குது. ஏத்தத்துலகூட தூங்குது."

தலையை நீட்டி அவர் சொன்ன பதில்: "வறட்சி கைபட்ட வண்டி, குளிர்ந்து கிடக்கு. தூங்கட்டும், எழுப்பாத!"

பணிமனையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள். ஒரு நகைச்சுவையாகவே அது அவர் மனத்தில் பதிந்திருந்தது. மேலாளர் கேட்டபோது அவர் புகாரைத் தேடினார், நகைச்சுவையைத் தேடவில்லை.

ஷாக்கு டேப்பையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "இதைக் கிழிச்சுக் குப்பையில போடு. சென்சாரை வெறும் மரையோட மாட்டு. பழைய சென்சார் செத்துப்போச்சு, மாத்திட்டோம்னு எழுது. அவளும் வெளிய வந்துடுவா, உனக்கும் ஒரு கீறல் விழாது."

நல்ல யோசனைதான். மேஸ்திரி அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார். சென்சார் செத்தது என்று எழுதினால் அவள் முள்ளைப் பார்க்காதவள் என்ற பழி போகும். ஆனால் சொல்லாததைச் சொன்னதாகச் சாதித்தவள், அண்ணனைக் காட்டிக்கொடுத்துத் தப்பப் பார்த்தவள் என்று எழுதப்பட்ட வரி அப்படியே நிற்கும். அந்த வரியை அழிக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இப்போது பழுப்பேறிய ஒரு டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சென்சார் சாகலையே" என்றார் அவர். டேப்பைப் பிரிக்காமல், சென்சாரோடு சேர்த்து ஒரு மஞ்சள் சீட்டில் பொதிந்துகொண்டார்.

மேலாளர் அந்தப் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை நான் எந்தக் கோப்புல வைக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். மேஸ்திரி நின்றுகொண்டே சொன்னார்; அட்டை மடித்து வைத்த நாற்காலியில் இன்று அவர் உட்காரவில்லை. டேப் சுற்றியது தன் கை. எர்த் போனது அதனால். கால்வாசியில் நின்ற முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் அவள் ஓட்டியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லவும் செய்தாள். கேலி பேசி அனுப்பியது தான்தான்.

"ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே மேஸ்திரி?"

"இல்லாமத்தான் இருந்துச்சு சார்."

"அவ மீட்டரைப் பாக்கிறதே இல்லன்னும் சொன்னீங்க. அதுவும் ஞாபகம் இல்லாம சொன்னதா?"

முன்னது மறதி. பின்னதற்கு என்ன பெயர் என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படியேறியபோதே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். தன் வேலையில் குறை இருக்கலாம் என்று நினைப்பதைவிடத் தங்கையிடம் குறை இருக்கலாம் என்று நினைப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அதை மேலாளரிடம் சொல்ல வாய் வரவில்லை. மேலாளர் பெருமூச்சு விட்டு, மேஸ்திரிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஓட்டுநருக்கு ஒரு மறுநியமன ஆணையும் தட்டச்சு செய்யச் சொன்னார். இரண்டும் ஒரே தாளின் மேலும் கீழுமாக வந்தன. குறுக்கே வெட்டிக் கொடுத்தார்.

அன்று பிற்பகலே ஆணையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் தங்கையின் கணவர். வீட்டிலேயே தையல் தொழில். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"வாங்க மச்சான்" என்றார். அழைப்பில் குறையில்லை, வழியைவிட்டு விலகத்தான் ஒரு விநாடி கூடுதலாயிற்று. "அவ இப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா. முகம் கழுவிட்டிருக்கா."

"எப்படி இருக்கா மாப்பிள்ளை?"

"எனக்கு எப்படித் தெரியும்? பதினேழு நாளா என்கிட்ட பேசுறது 'சாப்பிட்டாச்சா', 'விளக்கை அணை', இந்த ரெண்டுதான். கோபத்துல கத்தினாலும் பரவாயில்ல மச்சான். துணி தைக்கிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக் கேட்டு நானே எழுந்து நிறுத்திட்டேன்."

கூடத்துக் கொடியில் அவளுடைய காக்கிச் சட்டை தொங்கியது. வால்வு அறைக்குக் காக்கி தேவையில்லை. ஆனாலும் துவைத்து, தேய்த்து, பொத்தான்கள் போட்டு மாட்டியிருந்தது. சாவி வைக்கும் பை மட்டும் தட்டையாக இருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி தங்கை வந்தாள். அவர் ஆணையை நீட்டினார். அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள். ஓட்டுநர் கேட்கும் கேள்வி. முதலில் அதைத்தான் கேட்டாள்.

சொன்னார். மீட்டர், வயர், டேப், ஆறு சுற்று, எர்த், நாற்பது, இருநூற்றுப் பத்து எல்லாவற்றையும் சொன்னார். ஹாரனையும் தன் பதிலையும் சொன்னார். "மறந்துட்டேம்மா. சத்தியமா மறந்துட்டேன்."

"எனக்குத் தெரியும் நீ மறந்துட்டேன்னு. அந்த அறையில உன் மூஞ்சியைப் பாத்தேன்ல. பொய் சொல்றவன் மூஞ்சி இல்ல அது."

அவருக்கு மூச்சு வந்தது. வந்ததை அடுத்த சொல்லில் அவளே பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, இன்னைக்கு முதல்ல மீட்டரைச் சோதிச்ச, சரியா இருந்துச்சு. அப்புறம் வயரைச் சோதிச்ச. அப்புறம் சென்சார், அதுக்கப்புறம் எர்த். எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் எது தப்புன்னு சொன்ன. அன்னைக்கு நான் மட்டும்தான் நின்னுட்டிருந்தேன். என்னைத் தொட்டுப் பாக்கக்கூட இல்லையே. 'வெளிய வா, என்ன நடந்துச்சு சொல்லு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே ஹாரன் அடிச்சதை ஞாபகப்படுத்தியிருப்பேன்."

தையல்காரர் அளவு நாடாவை விரலில் சுற்றத் தொடங்கினார். மேஸ்திரி எதையோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு என்ற சொல் உடன்பிறந்தவளிடம் நாடகத்தனமாக ஒலிக்கும் என்று பட்டது. "புது சென்சாரை வெறும் மரையோட மாட்டிட்டேன். வண்டி தயாரா இருக்கு" என்றார்.

"காலையில வரேன்."

மறுநாள் காலை அவள் வந்தாள். காக்கிச் சட்டை, சாவி, டயரைக் காலால் தட்டிப் பார்த்தல் எல்லாம் பழையபடியே. எஞ்சினைச் சூடேற்றி முள்ளைக் கவனித்தாள். அது எழுந்து வந்து நடுவில் நின்றது. மேஸ்திரி பணிமனை வாசலில், கையைத் துடைக்கும் சாக்கில், நின்றுகொண்டிருந்தார். டேங்கர் கடந்துபோயிற்று. ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மாலையில் வண்டி திரும்பிய பிறகு பெட்டியைத் திறந்தபோது மற்ற சீட்டுகளுக்கு நடுவே அவள் கையெழுத்தில் ஒன்று இருந்தது. 'பணிமனை மேஸ்திரி அவர்களுக்கு' என்று தொடங்கி, வண்டி எண், தேதி, நேரம், ஓடிய தூரம் எல்லாம் எழுதியிருந்தாள். குறை என்ற கட்டத்தில்: இடது கதவின் கைப்பிடி தளர்ந்துள்ளது. அதன்கீழ்: ஏற்றத்தில் வெப்ப முள் நடுவில், இறக்கத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே. கடைசியில் முழுப் பெயரோடு கையொப்பம்.

மறுநாளும் ஒரு சீட்டு. அதற்கு மறுநாளும். வீட்டுக்குப் போனால் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாள், தட்டு வைத்தாள், சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது, கழற்றிக் கொடு, அவர் தைத்துத் தருவார் என்று அதட்டினாள். அதில் எந்தக் குறையும் இல்லை. வண்டியைப் பற்றி மட்டும் அவள் அவரிடம் வாயால் எதையும் சொல்வதில்லை. ஒருமுறை, பிரேக் எப்படியிருக்கிறது என்று அவராகவே கேட்டார். "சீட்டுல எழுதியிருக்கேன், பாருங்க மேஸ்திரி" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் சீட்டு வந்த மாலையிலேயே அவர் அந்தக் கைப்பிடியைச் சரிசெய்தார். இரண்டு திருகுதான், ஐந்து நிமிட வேலை. கதவைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு சீட்டின் அடியில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்தில் 'பணிமனைக் குறிப்பு' என்று ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அதில் எதையாவது எழுத வேண்டும் போல இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சீட்டைக் கம்பியில் குத்தி மாட்டினார். வெளியே டேங்கரின் அடியில் அவர் விரித்து வைத்திருந்த செய்தித்தாள் ஒரு சொட்டுமில்லாமல் உலர்ந்து கிடந்தது. அதை உருவி எடுத்தார். ஆட்டிக் காட்ட யாரும் இருக்கையில் இல்லை. நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.